துபாஷி சொன்ன ஆம்

அம்மா இந்நேரம் சிங்காநல்லூரில் பஸ் ஏறியிருப்பாள். ஜன்னலோரம் இடம் பிடித்து, துணிப்பையை மடியில் வைத்து, அதன் காதை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருப்பாள். தாராபுரம் போய்ச் சேர ஐந்து மணியாகிவிடும், போனதும் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்வாள். இப்போது மணி இரண்டேகால். என் வீட்டுக்காரர் கோகுல் ஷிஃப்ட் முடிந்து வர ஆறரை. நடுவில் நாலேகால் மணி நேரம், இந்த மூன்றாவது மாடி வீட்டில் நானும் பாப்பாவும் மட்டும். அவள் பிறந்து ஐந்து மாதத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் முதல் மத்தியானம். பிரசவத்துக்குப் போன பெண்ணை ஐந்தாம் மாதம் நாள் பார்த்துக் கொண்டுவந்து விட வேண்டும், விட்டார்கள். அம்மா கூடவே ஒன்பது நாள் இருந்தாள், இன்றைக்குக் கிளம்பிவிட்டாள். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "எப்பப் பாரு அந்தக் கப்பலையே ஓட்டிட்டு உக்காந்துக்காத கண்ணு, புள்ளையப் பாரு" என்றாள். சரிம்மா என்றேன். அவள் செருப்புச் சத்தம் இரண்டாவது மாடியைத் தாண்டுவதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டேன். கப்பல் அல்ல, விளையாட்டில் வரும் படகு. தீவுக்குத் தீவு விளக்குக்கு எண்ணெயும் கடிதங்களும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சின்னப் படகு. இடதுகை கீபோர்டில் நாலு எழுத்துக்கட்டைகள் மேல், வலதுகை மவுஸ் மேல். இரண்டு கைகளும் மேசை மேல் எனக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும். அது போதும். நான் கேட்பது அவ்வளவுதான், என் கைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் படகு வரவில்லை. திரை கறுப்பாகிறது, கறுப்பாகவே நிற்கிறது, பிறகு தானாக மூடிக்கொள்கிறது. மறுபடி சொடுக்கினேன். மறுபடி கறுப்பு. உள்ளறையில் தொட்டில் ஸ்பிரிங் ஒரு தடவை முனகி அடங்கியது. தூங்குகிறாள். தூங்கட்டும்.

பால்கனிக் கதவு பூட்டியிருக்கிறது. சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது, நான்தான் போட்டேன், அடிவரை கையை விட்டு அழுத்தினேன். சாவி தொலைந்துவிட்டது என்று கோகுலிடம் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரரைக் கூட்டி வருகிறேன் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வரவே வேண்டாம். கத்தியை நியூஸ்பேப்பரில் சுற்றிப் பரண் மேல் பழைய மிக்ஸி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அம்மா வந்த அன்றே, "கத்தி எங்கடி?" என்று கேட்டாள். மொண்ணையாகிவிட்டது, சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறது என்றேன். ஒன்பது நாளும் அம்மா பீன்ஸைக் கையால் ஒடித்தாள், கேரட்டைத் துருவினாள், கத்திரிக்காயை முழுசாகச் சுட்டுத் தோலை உரித்தாள், "சாணை பிடிக்கறவன் என்ன காசிக்கா போயிருக்கான்?" என்று தினமும் கேட்டாள். கோகுல்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சிரித்து முடிக்கிற நேரத்தைப் பார்த்து நானும் நிறுத்தினேன். யாருக்கும் தெரியாது. எனக்கு என்ன ஆகிறது என்று எனக்கே சொல்லத் தெரியாது, சொல்லிப் பார்க்கிறேன், மனசுக்குள் மட்டும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு படம் வருகிறது. கேட்காமல் வருகிறது. பால்கனி ஓரம், என் கைகள், கைகள் விரிகின்றன. அவ்வளவுதான், அரை நொடி. நான் அவளை இறுக்கிப் பிடிப்பேன், அவள் அழுகிற அளவுக்கு இறுக்கி. பிறகு இறுக்கியதே பயமாகிவிடும். எனக்கு அவள் மேல் கோபம் கிடையாது. அவள் கழுத்து மடிப்பில் பால்வாசமும் பவுடர் வாசமும் கலந்து ஒன்று இருக்கிறதே, அதற்காக நான் எதையும் கொடுப்பேன். அப்படியென்றால் அந்தப் படம் யாருடையது? என் தலைக்குள் வருவது என்னுடையதாகத்தானே இருக்கும். எட்டாம் வகுப்பில் ஃபிலோமினா சிஸ்டர் மாரல் சயன்ஸ் வகுப்பில் பிரம்பை மேசை மேல் படுக்க வைத்துவிட்டு, அடிப்பதைவிட மென்மையான குரலில் சொல்வார்: மனசில் நினைத்தாலே பாதி செய்த மாதிரி, கேர்ள்ஸ். பாதி. அப்படியானால் நான் எத்தனை பாதிகள் செய்து முடித்துவிட்டேன். ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்தால், வேண்டாம், கணக்கு வேண்டாம், கையை மேசை மேல் வை.

மூன்றாவது தடவையும் கறுப்பு. காலையில் அப்டேட் கேட்டது, அம்மா பெட்டி கட்டுகிற அவசரத்தில் நானே அமுக்கிவிட்டேன், அதுதான். எதையும் தொடாமல் இருந்திருக்கலாம். இந்தக் கம்ப்யூட்டரைக் கோகுல் கல்யாணத்துக்கு முன்னாலேயே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது, இதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் மட்டும்தான். திருட்டு விண்டோஸ் போட மாட்டேன் என்பதில் அவருக்கு ஒரு வீம்பு. கல்யாணமான புதிதில், "இந்த ஊர்ல எல்லாரும் கேம் ஆடறதுக்கு விண்டோஸ் போடறாங்க, நீங்க மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டதற்கு, "ஆட முடியாத இடத்துல ஆடிப் பாக்கறதே ஒரு கேம்தான் வினோ" என்றார். பிறகு காட்டித் தந்தார். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டுக்கு லினக்ஸின் பாஷை தெரியாது. நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து இந்தப் பக்கம் கேட்பதை அந்தப் பக்கம் சொல்லும், அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கம் சொல்லும். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, நாங்கள் துபாஷி என்போம். வெள்ளைக்காரத் துரைக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்றவனைப் போல. விளையாட்டு கண்ணைத் திறந்ததும், நான் விண்டோஸில்தானே இருக்கிறேன் என்று கேட்கும். ஆமாம் துரை என்பான் துபாஷி. சி டிரைவ் எங்கே? இதோ துரை. அப்படி ஒரு டிரைவே கிடையாது, ஒரு சாதாரண ஃபோல்டருக்குப் பெயர் மாட்டி நீட்டுவான். விளையாட்டு நம்பிவிடும். முழுப் பொய்க்குள் உட்கார்ந்துகொண்டு நிஜமாகவே ஓடும், அலை அடிக்கும், விளக்கு எரியும். எனக்கு வயிறு தெரியத் தொடங்கிய மாதங்களில் சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து ஓட்டுவோம். "கேப்டன், பாறை, பாறை" என்பார். "தெரியுது, வாய மூடுங்க மாலுமி" என்பேன். பாறையில் இடிப்பேன். அந்தப் பெண் எவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள். அவளை எங்கே விட்டேன், எந்த அறையில், ஆஸ்பத்திரியிலா, தாராபுரத்திலா. இப்போது இருப்பவள் அவளுடைய நைட்டியைப் போட்டிருக்கிறாள், அவளுடைய குரலில் அம்மாவிடம் சரிம்மா என்கிறாள். எல்லாரும் நம்புகிறார்கள். எல்லாம் ஓடுகிறது.

சரி, முறையாகப் பார்ப்போம், நான் இதில் சம்பளம் வாங்கியவள். ஏழாம் மாதம் வரை சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டிங் வேலை, அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே உடைகிறது என்று தேடுவது. ஐகானைச் சொடுக்காமல் கறுப்பு டெர்மினலைத் திறந்து கட்டளையாக அடித்தால் துபாஷி தன் டைரியைக் காட்டுவான். அடித்தேன். வரிகள் மளமளவென்று ஓடின. முக்கால்வாசி வரிகள் ஃபிக்ஸ்மீ என்று தொடங்குகிறவை, என்னைச் சரிசெய் என்று அர்த்தம், எழுதியவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட குறிப்பு. இது அரைகுறை, இது இன்னும் எழுதவில்லை, இது பிறகு. லினக்ஸில் விளையாடுகிற எல்லாருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது இதுதான்: ஃபிக்ஸ்மீயைப் பார்க்காதே, அது முனகிக்கொண்டே இருக்கும், அதனால் ஒன்றும் ஆகாது, எர்ர், அதாவது பிழை, என்று சிவப்பில் வருகிற வரியை மட்டும் தேடு. கோகுல் சொன்னார், இணையத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், நானே பலருக்குப் பதில் எழுதியிருக்கிறேன், ஃபிக்ஸ்மீயை விடுங்கள் என்று. தேடினேன். ஒரே ஒரு எர்ர் இருந்தது, எழுத்துரு ஏதோ கிடைக்கவில்லை என்று. அதைப் பிடித்துக்கொண்டேன். எழுத்துருவை இறக்கினேன், போட்டேன், மறுபடி கறுப்பு. வேறு எழுத்துரு. கறுப்பு. மணி மூன்று ஆகிவிட்டது, முக்கால் மணி நேரம் போயிருக்கிறது, நல்லதுதான், போகட்டும், இப்படியே ஆறரை வரை போனால்கூடப் போதும். தொட்டில் பக்கம் காது போய்க்கொண்டே இருந்தது. மூச்சு விடுகிறாளா? போய்ப் பார். போகாதே. போனால் தூக்கத் தோன்றும், தூக்கினால் கைகள். இங்கிருந்தே கேள். ஃபேன் சத்தத்துக்குக் கீழே ஏதோ இருக்கிறது, அது மூச்சா, ஃபேனேதானா. போன் அடித்தது, உடம்பே தூக்கிப்போட்டது. கோகுல், டீ பிரேக். பின்னால் பட்டறை லேத் சத்தம். "அத்தை கிளம்பிட்டாங்களா? எல்லாம் ஓகேவா?" என்றார். "ம், ஓகே" என்றேன். "பாப்பா?" "தூங்கறா." "நீ சாப்ட்டியா?" "ம்." "குரல் ஒரு மாதிரி இருக்கே." "தூக்கம் பத்தலைங்க, அவ்ளோதான்." "சரி, அவ தூங்கறப்பவே நீயும் தூங்கிடு" என்றார், வைத்துவிட்டார். நான் சாப்பிடவில்லை. அம்மா மூடி வைத்த ரசம் அப்படியே இருக்கிறது.

அவரையும் குறை சொல்ல முடியாது. நான் என்னதான் சொன்னேன்? தூக்கம் வரலை என்றேன், கை நடுங்குது என்றேன், பால்கனி எனக்குப் பிடிக்கலை, மாடி மாத்திக்கலாமா என்று ஒரு தடவை கேட்டேன். வாடகை வீட்டில் மாடி எப்படி மாற்றுவது என்று சிரித்தார். அம்மாவிடம், எனக்கு ஒரு மாதிரி இருக்கும்மா என்றேன். "புள்ள பெத்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்தாள். எல்லாம் முனகல் வரிகள். எல்லாரும் நியாயமாகத்தான் தாண்டிப் போனார்கள். சிவப்பு வரியை நான் யாருக்கும் காட்டவே இல்லையே. காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். மெதுவாக, சிரித்துக்கொண்டே, குடு கண்ணு, நீ போய்ப் படு என்று. அதற்குப் பிறகு நான் அறைக்குள் வந்தால் பேச்சு நிற்கும். பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் யாராவது யாரிடமாவது சொல்வார்கள், அவளுக்குப் புள்ள பெத்தப்ப. வேண்டாம். எர்ர் வரியைப் பார். எழுத்துரு. இல்லை, எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து கோணலாகத் தெரியும், படகே வராமல் போகாது, இதுகூடத் தெரியாமலா மூன்று வருஷம் சம்பளம் வாங்கினேன். கோபம் வந்தது. கோபத்தில் யாரும் பார்க்காத வரிகளையே முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். நாற்பதாவது வரியோ என்னவோ. நேற்றுவரை அங்கே அந்த வரி இருந்த நினைவில்லை. விளையாட்டு கேட்கிறது: கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் ஏதும் மாட்டியிருக்கிறதா? துபாஷி எழுதியிருக்கிறான்: ஃபிக்ஸ்மீ, ஸ்டப். ஸ்டப் என்றால் உள்ளே ஒன்றும் இல்லை, கேள்வியை வாங்கிக்கொள்வேன், ஆம் என்று சொல்வேன், அதற்கு மேல் எதுவும் செய்ய மாட்டேன் என்று பொருள். ஆம் என்று சொல்லியிருக்கிறான். எங்கள் வீட்டில் கன்ட்ரோலரே கிடையாது. ஆம் என்ற பதிலைக் கேட்ட விளையாட்டு, அப்படியா, சரி, அது பேசட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. இல்லாத ஒன்று வந்து வணக்கம் சொல்வதற்காகக் கறுப்பில் காத்திருந்து, காத்திருந்து, மூச்சு முட்டி மூடிக்கொள்கிறது. இல்லை என்று சொல்லியிருந்தால் அது பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்த்திருக்கும். கீபோர்டைக் கேட்டிருக்கும். இல்லை என்பதால் எதுவும் உடைந்திருக்காது.

நாற்காலியில் பின்னால் சாய்ந்தேன். எங்கள் கான்வென்ட்டில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான். புரிஞ்சுதா கேர்ள்ஸ்? யெஸ் சிஸ்டர். நாற்பத்திரண்டு பேரும் ஒரே ராகத்தில், கடைசி எழுத்தை இழுத்து. புரியாதவள் எழுந்து நில் என்று சிஸ்டர் ஒருபோதும் சொன்னதில்லை, சொன்னாலும் யார் எழுந்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்த டாக்டரம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு, மனசு நல்லா இருக்கா, பயம் ஏதும் உண்டா என்று கேட்டார். தலையைத் தூக்கவில்லை, பேனா தயாராக இருந்தது. நல்லா இருக்கு டாக்டர் என்றேன். டிக் அடித்தார். எல்லாம் ஓகேவா? ம், ஓகே. என் ஆம் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு எல்லாரும் எங்கேயோ காத்திருக்கிறார்கள், நல்ல அம்மா ஒருத்தி வந்து வணக்கம் சொல்வாள் என்று. கட்டளையில் ஒரே ஒரு சொல் சேர்க்க வேண்டும், அந்த வசதி என்னிடம் இல்லை என்று துபாஷி ஒத்துக்கொள்வதற்கான சொல். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாம் தடவை என்டர். கறுப்பு. கறுப்பு. பிறகு சாம்பல் நிறத்தில் கடல். அலைச் சத்தம் அறை முழுக்க வந்தது, படகு துறையில் கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. கேம் ஓடிவிட்டது. நான் இடதுகையை எழுத்துக்கட்டைகள் மேல் வைத்தேன், வலதுகையை மவுஸ் மேல், அப்பாடா என்று மூச்சு விட வாயைத் திறந்தேன், உள்ளே பாப்பா அழ ஆரம்பித்தாள்.

முதலில் இருமல் மாதிரி ஒன்று. பிறகு சின்னதாக, பிறகு நிஜமாக. மணி மூன்றே முக்கால். பசி. மார்பில் சுருக்கென்று குத்தியது, நைட்டி நனைகிறது, உடம்புக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடுகிறது, உடம்பு என்னைக் கேட்பதே இல்லை. எழுந்தேன். கதவு வரை போனேன். தொட்டில் துணி உதறிக்கொண்டு ஆடியது, ஒரு குட்டிக் கால் வெளியே நீண்டு நீண்டு உள்ளே போனது. நாலு அடி. போ. தூக்கு. ஒவ்வொரு நாளும் தூக்குகிறாய், இருபது தடவை தூக்குகிறாய். ஆனால் அம்மா அடுப்படியில் இருந்தாள், பாத்திரச் சத்தம் இருந்தது, சத்தம் இருக்கும்போது கைகள் சொன்னபடி கேட்டன. பால்கனி பூட்டியிருக்கிறது. சாவி அரிசியில். அரிசி டப்பா மூடியைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று தலை கணக்குப் போட்டது. நான் கேட்கவில்லை, அதுவாகப் போட்டது, பதினைந்து நொடி என்று விடையும் சொன்னது. கதவு நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டால் கைகள் அங்கேயே இருக்கும். அழுகை ஏறியது, முகம் சிவந்திருக்கும், மூக்கில் சளி வந்திருக்கும். நான் போக வேண்டும். போக முடியவில்லை. பின்னால் அலைச் சத்தம் வேறு. அம்மாவைக் கூப்பிடலாமா, பஸ்ஸில் என்ன செய்வாள், பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அழுவாள். கைபேசி நைட்டிப் பையில் இருந்தது. ஒரு கையை நிலையிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு கைதானே. எடுத்தேன்.

கோகுலுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் ஓடும் ஷாப் ஃப்ளோருக்குப் போன் கொண்டுபோகக்கூடாது, லாக்கரில்தான் இருக்கும், டீ பிரேக் முடிந்திருக்கும். நின்றது. மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை எடுத்தார், மூச்சிரைக்க. "என்ன வினோ, கேம் ஓடலையா? காலைல அப்டேட் அமுக்காதேன்னு சொல்லலாம்னு இருந்தேன்." ஓடுது, ஓகே, ஒண்ணுமில்லை, சும்மாதான், எல்லாச் சொற்களும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன, யெஸ் சிஸ்டர் என்பதுபோல ஒரே ராகத்தில். "இல்லைங்க" என்றேன். "என்ன இல்லை?" "ஓகே இல்லை." லேத் சத்தம் தூரமாகப் போனது, எங்கேயோ நடக்கிறார். "சொல்லு." "பாப்பா அழறா. என்னால தூக்க முடியல." "ஏன், இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" அவருக்கு எப்படித் தெரியும், பாவம். கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டால் எளிது. "அவளத் தூக்குனா நானே அவள ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்குங்க. பால்கனியிலிருந்து. நான் பண்ண மாட்டேன். ஆனா தலைக்குள்ள வருது. தினமும் வருது. சாவி தொலையல, நான்தான் ஒளிச்சு வெச்சேன். கத்தியும்." சொல்லிவிட்டேன். முழு எர்ர் வரியும் வெளியே வந்துவிட்டது, இனி உள்ளே போகாது. கட்டாகிவிட்டதா என்று பார்த்தேன், இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஏழு, எட்டு. "அவ எங்க இருக்கா?" என்றார். குரல் மாறியிருந்தது. "தொட்டில்ல." "நீ?" "கதவுகிட்ட." பிறகு, "சரி, அங்கயே உக்காரு. அவ அழுதா அழட்டும், கொஞ்ச நேரம் அழுதா ஒண்ணும் ஆகாது. நான் வர்றேன். போனை மட்டும் வெக்காத" என்றார். யாரிடமோ கத்தினார், "அண்ணா, மிஷினப் பாத்துக்கங்க, வீட்டுக்குப் போறேன்." என்னாச்சு என்று அந்தக் குரல் கேட்டது. என் பெண்டாட்டி கூப்பிட்டாள் என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நிலையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். போனை ஹெல்மெட்டுக்குள் சொருகியிருக்கிறார், காற்றுச் சத்தம் பெரிதாக வந்தது. "ஆத்துப்பாலம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உக்கடம், சிக்னல்." நான் மூச்சு மட்டும் விட்டேன், அவருக்கு அது கேட்டது போல. பாப்பா அழுது ஓய்ந்து, மறுபடி தொடங்கி, இடையில் தன் விரலைச் சப்பிப் பார்த்து, ஏமாந்து, மறுபடி தொடங்கினாள். நாலு அடி தள்ளி என் பிள்ளை அழுகிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் தாய் உட்கார்ந்திருப்பாள். உட்கார் என்று சொன்னார், உட்கார்ந்திருக்கிறேன். "பாப்பாகிட்ட ஏதாவது பேசு வினோ, தூக்க வேண்டாம், பேசு" என்றார். என்ன பேசுவது. "அப்பா வர்றாங்க" என்றேன், கதவருகிலிருந்தே. குட்டிக் கால் உதறாமல் நின்றது. "உக்கடம் தாண்டிட்டாங்க" என்றேன். அவள் கேட்டாள், பிறகு அதற்கும் சேர்த்து அழுதாள். காந்திபுரத்தில் ட்ராஃபிக், யாரையோ திட்டினார், உடனே "உன்ன இல்ல" என்றார். அப்போதுதான் புதிய பயம் வந்தது, இதுவரை இல்லாத ஒன்று. கதவைத் திறந்ததும் அவர் முகம் எப்படி இருக்கும். நேராகத் தொட்டிலுக்குத்தான் போவார், போக வேண்டும், பிள்ளையை அள்ளிக்கொள்வார். பிறகு எங்கே போவார்? பிள்ளையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவாரா, கதவைச் சாத்திக்கொள்வாரா, நாளைக் காலை ஒரு பையைக் கட்டி என்னைத் தாராபுரம் பஸ்ஸில் ஏற்றுவாரா, பிள்ளை இல்லாமல்? "கணபதி" என்றார், எங்கள் ஏரியா. எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தேன். படியில் காலடி கேட்டது, இரண்டு இரண்டாக ஏறுகிற காலடி. போனிலும் கேட்டது, ஒரு நொடி பிந்தி.

ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். கையெல்லாம் கிரீஸ். என்னைத் தாண்டித் தொட்டிலுக்குப் போனார், கையைச் சட்டையில் துடைத்தார், பாப்பாவை எடுத்தார். அவள் ஹெல்மெட்டைப் பார்த்து மிரண்டு இன்னும் பலமாக வீறிட்டாள். நான் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று. என் பக்கம் வந்தன. தரையில், என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார், பாப்பாவைத் தன் மடியில் போட்டுக்கொண்டார், அவள் தலை என் பக்கமாக இருக்கும்படி. "பசிக்குதுன்னு நெனைக்கிறேன்" என்றார். "பால் குடு. நான் பிடிச்சுக்கறேன்." அவர் கை அவளுக்கு அடியிலேயே இருந்தது, நான் குனிந்து பால் கொடுத்தேன். என் கைகள் என் மடியில் சும்மா கிடந்தன. அவள் விக்கி விக்கிக் குடித்தாள், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என் மூச்சே எனக்குத் திரும்பக் கேட்டது, இரண்டு போனும் இன்னும் இணைப்பில் இருந்தன. ஒரு கையால் உருவியெடுத்துத் தன் போனைக் கட் செய்தார். "நாளைக்கு லீவு. ரெண்டு பேரும் டாக்டரப் பாக்கலாம். இதுக்குன்னு டாக்டர் இருப்பாங்க, கேட்டுடலாம்" என்றார். ம் என்றேன், பிறகு, "பயமா இருக்கு" என்றேன். "எனக்கும்தான்" என்றார். ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவர் கண் சிவந்திருந்தது. "எப்பத்திலிருந்து வினோ?" போன் திரை அவர் உள்ளங்கையில் வெளிச்சமாக இருந்தது, பேர் வைத்த அன்று எடுத்த படம், நான் பாப்பாவைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், தினமும் லாக்கரைத் திறக்கும்போது இதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன் என்பார். விரலை அதன் மேல் வைத்தேன்.

"இது எடுக்கறதுக்கு முன்னாடியே" என்றேன்.